சங்கிலி பிடித்த மாணவர்கள்



கல்லூரியில் பயிலும் இளைஞர் விடுமுறைக் காலத்தில் ஒரு தொழிற்சாலையிலோ, அலுவலகத்திலோ, ஆராய்ச்சிக் கூடத்திலோ சில வாரங்கள் தங்கி வேலை பழகுவது இந்நாளில் பெருவழக்காகி விட்டது. இதனை 'இன்டர்ன்ஷிப்' என்றே பலரும் சொல்கிறோம். உள்ளகப் பயிற்சி என்று தமிழில் வழங்குவாரும் உளர். பயிற்சி முடிந்து திரும்பும் மாணவரை, "என்ன கற்று வந்தீர்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், நான்கு ஆண்டுகளாகப் புத்தகத்தில் படித்ததன் பொருள் நான்கே வாரத்தில் விளங்கியது என்பார். மற்றொருவர், காகிதங்களைப் படியெடுத்ததும் மேலதிகாரிக்குத் தேநீர் வாங்கி வந்ததுமே தாம் கண்ட தொழிற்கல்வி என்று சிரிப்பார். மூன்றாமவர், இரவு பகலாக உழைத்துத் தாம் எழுதிக் கொடுத்த அறிக்கை, வேறொருவர் பெயரோடு வெளியானதைச் சொல்லி வருந்துவார்.

இம்மூன்று விடைகளும் நமக்குப் புதியனபோலத் தோன்றும். உண்மையில் அவை இரு நூற்றாண்டுப் பழமை உடையவை. அதிலும் நம் சென்னை நகரத்திலேயே கேட்கப்பட்டவை.

கல்லூரிப் படிப்பையும் தொழிலகப் பயிற்சியையும் இணைக்கும் முறை அமெரிக்காவில் பிறந்தது என்று எழுதுவார் பலர். அது முழுதும் பிழையன்று. ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியற் பேராசிரியர் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906-ஆம் ஆண்டு 27 மாணவரைக் கொண்டு அத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கினார். மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் தொழிற்சாலையில் இருக்குமாறு மாற்றி மாற்றி அனுப்பினார். அது பின்னர் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அதற்கு 112 ஆண்டுகளுக்கு முன்னரே, கணிதமும் வடிவியலும் வகுப்பில் சொல்லிக் கொடுத்து, அவற்றைத் திறந்த வெளியில் கருவி கொண்டு பழகச் செய்த பள்ளி ஒன்று சென்னையில் திறக்கப்பட்டது. அப்பள்ளியின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகச் சேலமும், பாராமகாலும், திண்டுக்கல்லும், மலபாரும் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்கு வந்தன. நாடு கைக்கு வந்ததே அன்றி, அந்த நாட்டின் அளவு யாருக்கும் தெரியாது. எந்த ஊர் எத்தனை கல் தொலைவில் உள்ளது, எந்த ஆறு எங்கே பிறந்து எங்கே பாய்கிறது, எந்த ஏரியில் எத்துணை நிலம் விளையும் என்பன தெரியாமல் வரியை எப்படி விதிப்பது, படையை எப்படி நடத்துவது? அளக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அளவையாளரைக் கப்பலேற்றிக் கொணர்வதோ பெருஞ்செலவு.

அக்காலத்தில் மைக்கேல் டாப்பிங் என்பவர் கும்பெனியின் வானியல் அறிஞராகச் சென்னையில் இருந்தார். சோழமண்டலக் கரையைக் கடல்வழியே அளந்தவர் அவர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான் ஆராய்ச்சிக்கூடம் அவருடைய திட்டப்படியே கட்டப்பட்டது. அக்கட்டடம் இப்போது இல்லை. அதனுள் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் மட்டும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தூணில் டாப்பிங்கின் பெயரையும் ஆண்டையும் இன்றும் படிக்கலாம்.

சிறுவரைப் பொறுக்கி எடுத்து இங்கேயே பழக்கினால் என்ன என்ற எண்ணம் டாப்பிங்குக்கு உதித்தது. 1794-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்டு மாணவரோடு சர்வேப் பள்ளி தொடங்கியது. அச்சிறுவர் எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்திலிருந்து வந்தவர்கள். அவ்வில்லமும் கல்வி வரலாற்றில் பெயர் பெற்றதே. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், அம்முறையை மேற்கொண்டு, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை அங்கேதான் நடத்தினார்.

அநாதை இல்லச் சிறுவர் என்றேன். அவர்களுள் மிகப் பலர் ஐரோப்பியப் படைவீரருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். இங்கே ஒரு செய்தியை நாம் மறத்தல் கூடாது. தாயோ தந்தையோ இந்தியராக இருப்பவர் கும்பெனியின் உயர் பதவிகளில் அமரலாகாது என்று 1791-இல் ஓர் ஆணை பிறந்தது. 1795-இல் அது மேலும் இறுகிற்று. படையில் அத்தகையோர் குழலூதவும், பறை முழக்கவும், குதிரைக்கு லாடம் அடிக்கவும் மட்டுமே தகுதியுடையர் ஆயினர். அந்த இரண்டு ஆணைகளுக்கும் இடையே திறந்த பள்ளி இது. கதவுகள் எல்லாம் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஒரு சாளரம் திறந்தது என்று சொல்லலாம். குறைந்த கூலிக்கு நல்ல வேலையாள் கிடைத்தனர் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. பயிற்சி என்னும் ஏற்பாட்டின் இந்த இரு முகமும் அன்றைக்கே தோன்றிவிட்டன.

டாப்பிங் தம் பள்ளியின் பயனைக் காணும் அளவு வாழவில்லை. 1796-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலால் இறந்தார். அவருக்குப்பின் ஜான் கோல்டிங்காம் வான் ஆராய்ச்சிக்கூடத்தையும் பள்ளியையும் சேர்த்து நடத்தினார். மாணவர் எண்ணும் எழுத்தும் கற்று, வடிவியல் பயின்று, வரைபடம் எழுதிப் பழகி, கருவிகளைக் கையாளத் தேர்ந்தபின், பயிலுநராக அளவைக் குழுக்களோடு வெளியே அனுப்பப்பட்டனர். வகுப்பு ஒருபுறம், காடு மறுபுறம் என்று அவர்கள் இளமை கழிந்தது.

காடு என்றது அணிக்காகச் சொன்னதன்று. 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளக்கத் தொடங்கினார். சர்வேப் பள்ளியின் பயிலுநர் சிலர் அவரோடு சென்றனர். மெக்கன்சி நிலத்தை அளப்பதோடு அமையவில்லை. ஊர்ப் பெயர், குளம், கிணறு, பயிர், குடிகளின் வழக்கம், கோயிற் கல்வெட்டு ஆகிய யாவற்றையும் குறிக்கச் செய்தார். காவலி போரையா, இலட்சுமையா முதலிய தெலுங்கு அறிஞர் அவருக்குக் கண்ணும் நாவுமாக இருந்தனர். போரையா 1803-இல் இளமையிலேயே மறைந்தார். இவர்கள் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் உள்ளது. கோணமும் சங்கிலியும் அறிந்து போன சிறுவன், ஊராரிடம் பணிவாகப் பேசிச் செய்தி கேட்டறியும் கலையையும் அங்கே கற்றான். அது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். சிறுவனாக இருந்தபோதே அளவைத் தொழிலில் புகுந்து மெக்கன்சியிடம் பழகிய பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு, பிற்காலத்தில் திருவிதாங்கூரை அளந்தார். 1821-இல் பழனி மலைமேல் ஏறி, இன்று கோடைக்கானல் இருக்கும் பகுதியைக் கண்டு எழுதினார்.

இனி, வில்லியம் லாம்டன் செய்த பெருவேலைக்கு வருவோம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலைக்கு அருகே சமநிலத்தில் அவர் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அவ்வேலை முடிய மே 22 ஆயிற்று. ஏழரை மைல் நடக்க நமக்கு இரண்டரை மணி நேரம் போதும். அளக்க ஆறு வாரம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிடலாம் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. அப்படிக் கண்ட பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் மற்றொன்று எனத் தொடுத்துக்கொண்டே போனால் நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் முதற்பக்கத்தில் ஓர் அடி பிழைத்தால், அப்பிழை நாடு முழுவதும் பெருகிப் பரவும். லாம்டன் கையாண்டது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அவர் விரும்பாமையால் திரும்பி வந்த கருவிகளுள் அதுவும் ஒன்று. எஃகு வெயிலில் நீளும். நூறடிச் சங்கிலி ஃபாரன்ஹீட் ஒரு பாகைச் சூட்டுக்கு அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நீளாது. ஆயினும் பத்துப் பாகைப் பிழை நேர்ந்தால், ஏழரை மைலுக்குள் அது இரண்டரை அடியாக வளர்ந்துவிடும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்து, ஒவ்வொரு நூறடியாக நகர்ந்தனர். ஏறக்குறைய நானூறு முறை இது நடந்தது. அதுவும் சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில்.

என் மாணவப் பருவத்துச் செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எங்களைக் கல்லூரியிலிருந்து சர்வே முகாமுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். சங்கிலியின் முன்முனையைப் பிடிப்பவன் ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் நிலத்தில் ஓர் இரும்பு அம்பை ஊன்றிச் செல்வான். பின்முனையில் வருபவன் அதைப் பிடுங்கிச் சேர்ப்பான். சேர்ந்த அம்புகளின் எண்ணிக்கையே அளந்த சங்கிலிகளின் எண்ணிக்கை. பின்முனை என்னுடையது. கரும்புத் தோட்டத்து வரப்பில் ஓர் அம்பைக் காணாமல் விட்டுவிட்டேன். மாலையில் கணக்குப் போட்டபோது எங்கள் பலகோணம் வாய் மூடவில்லை. ஒரு சங்கிலி நீளம் அப்படியே பிளந்து நின்றது. தாளில் எங்கேனும் ஓர் எண்ணைத் திருத்திவிட்டால் போயிற்று என்று நண்பன் ஒருவன் யோசனை சொன்னான், எனக்கும் ஆசைதான். எங்கள் ஆசிரியர் தாளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மறுநாள் விடியலில் சங்கிலியை என் கையில் கொடுத்து, முதற்கல்லிலிருந்து நடக்கச் சொன்னார். அம்பு கிடைத்தது. வரப்பு ஓரத்தில் சேற்றில் சாய்ந்து கிடந்தது.

லாம்டனின் குழுவில் இருந்த பயிலுநருள் ஜோஷுவா டி பென்னிங் என்பவர் சிறந்து விளங்கினார். அவரும் சென்னைச் சர்வேப் பள்ளியின் மாணவரே. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதனைக் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டு போயிற்று. அது அறிவியற் கருவி என்று தெரிந்ததும், பாராட்டுரையோடு சென்னை ஆளுநருக்கே திருப்பி அனுப்பினர். பகைவரிடமும் அத்தகைய பெருந்தன்மை அக்காலத்தில் இருந்தது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆகவே கோயிற் கோபுரங்களே குன்றுகள் ஆயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அக்கருவியை ஏற்றும்போது, அது சுவரில் உரசாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெருவட்டம் நெளிந்து போயிற்று. புதுக்கருவி வேண்டுமெனில் கடல் கடந்து வர ஆண்டுக்கணக்கில் ஆகும். லாம்டன் யாரையும் கடிந்துகொண்டு காலம் போக்கவில்லை. கைவினைஞர் சிலரோடு கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் இரவு பகலாக உழைத்து, நெளிந்த வட்டத்தை அணு அணுவாகப் பழைய உருவுக்கு இழுத்துக் கொணர்ந்தார். அக்கருவி அதன் பின்னும் பல ஆண்டு வேலை செய்தது. தலைவன் தவற்றை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு, எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

ஆனால் இந்தக் கதையில் காய்ச்சலுக்கும் பெரும் பங்கு உண்டு. லாம்டனிடம் 1818-இல் உதவியாளராக வந்து சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காட்டில் தம் முதல் வேலையைத் தொடங்கினார். மழைக்காலத்துக் காட்டுக் காய்ச்சல் குழு முழுவதையும் வீழ்த்தியது. தூக்கிக்கொண்டு ஐதராபாத்துக்குத் திரும்பும் வழியிலேயே பலர் மாண்டனர். எவரெஸ்ட் உடல்நலம் தேட நன்னம்பிக்கை முனைக்குச் செல்ல நேர்ந்தது. சங்கிலி இழுத்தவருக்கும் கொடிக்கம்பு பிடித்தவருக்கும் அவ்வாறு கப்பலேற வழியில்லை.

1823 சனவரியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில், லாம்டன் தம் கூடாரத்திலேயே உயிர் துறந்தார். அவரோடு ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்து, கருவியையும் கணக்கையும் அவருக்கு அடுத்தபடியாக அறிந்திருந்தவர் டி பென்னிங். தலைமையோ ஐந்தாண்டுக்கு முன் சேர்ந்த எவரெஸ்டுக்குச் சென்றது. எவரெஸ்ட் பேராற்றல் உடையவர் என்பதில் ஐயமில்லை. வேலையை இமயம்வரை கொண்டு போனவர் அவரே. ஆயினும், தேர்வே நடத்தாமல் முடிவான போட்டி அது. துணை உதவியாளர் என்ற படிக்கு மேலே ஏற, சர்வேப் பள்ளி மாணவனுக்கு ஏணி வைக்கப்படவில்லை. டி பென்னிங் விலகிச் சென்னைக்கு வந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் அளவைத் துறையின் தலைமைக் கணக்கராக அமர்ந்தார்.

அந்தக் கணக்கர் பதவிக்குப் பின்னாளில் வந்தவர் வேறொரு கல்லூரி மாணவர். இராதாநாத் சிக்தார் 1813-இல் கல்கத்தாவின் ஜொராசங்கோவில் பிறந்தவர். இந்துக் கல்லூரியில் டெரோஸியோவின் மாணவர் கூட்டத்தில் வளர்ந்தவர். டைட்லர் என்னும் ஆசிரியரிடம் உயர்கணிதம் பயின்றவர். கோளத் திரிகோண கணிதம் அறிந்த இளைஞன் ஒருவன் வேண்டும் என்று எவரெஸ்ட் தேடியபோது, டைட்லர் இவரைச் சுட்டினார். 1831 டிசம்பரில், பதினெட்டு வயதில், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இராதாநாத் வேலையில் அமர்ந்தார். கணிப்பவர் என்ற பொருளில் 'கம்ப்யூட்டர்' என்பது அன்று மனிதருக்குரிய பதவிப் பெயர்! அவருடைய திறனை உணர்ந்த எவரெஸ்ட், வேறு துறைக்குச் செல்ல அவர் விரும்பிய காலத்தும் விட மனமின்றி வைத்துக்கொண்டார்.

இமயத்தின் பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது என்று முதலிற் கண்டவர் இராதாநாதரே என்னும் கதை உங்களுள் பலர் கேட்டதாகும். 1856-இல் அறிவிக்கப்பட்ட 29,002 அடி என்னும் அந்த உயரம், பல பார்வைகளையும் பல கணக்கர் உழைப்பையும் சேர்த்துக் கண்டது. இறுதிக் கணக்கில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். ஓடிவந்து செய்தி சொன்னார் என்னும் காட்சியைக் கதை என்றே கொள்ளலாம். அதைவிட ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு நிகழ்ச்சிகளே அவர் பெருமையை எனக்குக் காட்டுவன.

ஒன்று 1843-இல் டேராடூனில் நடந்தது. அளவைத் துறையின் சுமை தூக்கிகளை அவ்வூர் மாஜிஸ்திரேட்டு வான்சிட்டார்ட்டு, கூலியின்றித் தம் மூட்டைகளைச் சுமக்க வைத்தார். இராதாநாத் அதைத் தடுத்தார். வழக்கு நடந்தது, அவருக்கே இருநூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சிறு சம்பளத்தில் தொடங்கிய ஒருவருக்கு அத்தொகை எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள். அவர் பின்வாங்கவில்லை. கணக்கு மேசையிலிருந்து எழுந்து, சுமை தூக்குபவனுக்காக வாதாடியவர் அவர்.

மற்றொன்று ஒரு புத்தகத்தின் செய்தி. ஸ்மித், துய்லியர் என்னும் அதிகாரிகள் இந்திய நில அளவைக்கான கைந்நூல் ஒன்றை 1851-இல் வெளியிட்டனர். அதன் கடினமான கணிதப் பகுதிகள் பெரிதும் இராதாநாதர் எழுதியவை. முன்னுரையில் அதை நன்றியோடு ஒப்புக்கொண்டும் இருந்தனர். இராதாநாத் 1870-இல் காலமானார். 1875-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதிகள் இருந்தன. அவர் பெயர் இருந்த வரிகள் இல்லை. இதனைக் கண்டித்து அடுத்த ஆண்டு 'பிரெண்ட் ஆஃப் இந்தியா' என்னும் ஆங்கில இதழில் கட்டுரை வெளியாயிற்று. கவனியுங்கள்: அதை எழுதியவர் ஆங்கிலேயர், படை அதிகாரி. இறந்தவர் பொருளைக் களவு செய்தல் என்றே அவர் அதற்குப் பெயரிட்டார்.

சென்னைப் பள்ளிக்குத் திரும்புவோம். 1858-இல் அது சிவில் என்ஜினீயரிங் பள்ளியாயிற்று. மறு ஆண்டே கல்லூரியாயிற்று. 1920-இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. எட்டுச் சிறுவரோடு 1794-இல் தொடங்கியதே தம் தோற்றம் என்று கிண்டிப் பொறியியற் கல்லூரியார் இன்றும் விழா எடுக்கின்றனர். விடுதலை பெற்ற இந்தியாவில் 1961-இல் பயிலுநர் சட்டம் வந்தது. 1973-இல் அதைத் திருத்திப் பட்டதாரிப் பொறியியலாரையும் அதனுள் சேர்த்தனர். உதவித்தொகை, வேலை நேரம், பயிற்சிக் காலம் ஆகியன எழுத்தில் வந்தன. ஆனால் கல்லூரி மாணவர் விடுமுறையில் செய்யும் பயிற்சிகள் பலவும் அச்சட்ட வரம்புக்கு வெளியே நடப்பவை. அங்கே இன்னும் பெரும்பாலும் மேலதிகாரியின் மனச்சான்றே சட்டம். ஊதியம் இன்றிப் பயிற்சி பெற, வீட்டுப் பணத்தில் வெளியூரில் தங்கக்கூடியவருக்கே இயல்கிறது என்று மாணவர் என்னிடம் கூறியதுண்டு. அநாதை இல்லச் சிறுவனுக்கும் அன்று உணவும் சிறு ஊதியமும் கிடைத்தன என்பதை எண்ணும்போது, இது சற்று நாணத் தக்கதாகவே எனக்குப் படுகிறது.

2004-ஆம் ஆண்டு, பெரு முக்கோண அளவையின் நினைவாக இந்திய அஞ்சல் துறையார் தலைகள் வெளியிட்டனர். ஒன்றில் இராதாநாத் சிக்தாரின் உருவம் உள்ளது. மற்றொன்றில், திபெத்தைக் கால்நடையாக அளந்த நயின் சிங்கின் உருவம். 1794-இல் சென்னையில் சேர்ந்த எட்டுச் சிறுவரின் உருவம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்த பயிலுநர் வரைந்த படங்களும் எழுதிய அளவைக் குறிப்புகளும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அநாதை இல்லம் இருந்த அதே பகுதியில்தான் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் தக்க அனுமதி பெற்று அங்கே சென்று பழைய பதிவுகளைப் படிக்கலாம்.